உங்கள் ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்வளவு டவுன்ஃபோர்ஸ் போதும்?

போர்ஷேயின் 992 தலைமுறையில் இரண்டு கார்கள். 911 ஜிடி3 காருக்கு 510 குதிரைத்திறன், ஜிடி3 ஆர்எஸ் காருக்கு 525. இரண்டிலும் இருப்பது 4 லிட்டர் இன்ஜின்தான். மேனுவல் கியர் கொண்ட ஜிடி3 மணிக்கு 320 கி.மீ. வரை போகும். ஆர்எஸ் 296 கி.மீ.யோடு நின்றுவிடும். ஆனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் 20.8 கி.மீ. சுற்றை முடிக்க ஜிடி3 எடுத்தது 6 நிமிடம் 59.9 விநாடி, ஆர்எஸ் எடுத்தது 6 நிமிடம் 49.3 விநாடி. உச்ச வேகத்தில் 24 கி.மீ. பின்தங்கிய கார், சுற்று நேரத்தில் பத்து விநாடிக்கு மேல் முந்துகிறது. சஸ்பென்ஷனிலும் மாற்றங்கள் உண்டு என்றாலும், இந்தப் பத்து விநாடியில் பெரும்பங்கு காற்றுடையது. 200 கி.மீ. வேகத்தில் ஆர்எஸ் காரைக் காற்று 409 கிலோ எடைக்குச் சமமாகத் தரையோடு அழுத்துகிறது. இந்த அழுத்தம்தான் டவுன்ஃபோர்ஸ். ஜிடி3-இல் இருப்பதைப் போல இது சுமார் மூன்று மடங்கு.

இதைப் பார்த்தவுடன் 'எனக்கும் பெரிய விங் வேண்டும்' என்று தோன்றுவது இயல்பு. புதுக் கார் வாங்கப்போகிறவரும், இருக்கும் காரில் மாற்றம் செய்ய நினைப்பவரும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். 409 என்ற எண் எந்த வேகத்தில், எந்த வளைவில், எந்த விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்களுக்கு முதல் தேவை டவுன்ஃபோர்ஸ் அல்ல, லிஃப்டை, அதாவது காற்று காரை மேலே தூக்குவதை, இல்லாமல் ஆக்குவது. அதையும் முன்னும் பின்னும் சேர்த்தே செய்ய வேண்டும்.

லிஃப்ட் எங்கிருந்து வருகிறது

பக்கவாட்டில் இருந்து ஒரு கூபே காரைப் பாருங்கள். மேலே வளைந்த கூரை, கீழே ஏறக்குறைய தட்டையான அடிப்பகுதி. விமான இறக்கையின் குறுக்குவெட்டும் இப்படித்தான் இருக்கும். கூரை மேல் காற்று வேகமெடுக்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, கார் மேல்நோக்கி இழுபடுகிறது. பின் கண்ணாடி மென்மையாகச் சரிந்து இறங்கும் அழகான கார்களில் இது இன்னும் அதிகம். காற்று பிரியாமல் அந்தச் சரிவை ஒட்டியே இறங்குவதால் காற்றுத்தடை குறைகிறது. ஆனால் பின் அச்சு லேசாகிறது.

இதற்கு நன்கு தெரிந்த சாட்சி, 1998-இல் வந்த முதல் ஆடி டிடி. உருண்டு திரண்ட அந்த வடிவத்தின் பின்பகுதியில் ஸ்பாய்லர் கிடையாது. அதிவேகத்தில் திடீரெனத் தடம் மாறும்போதும் நீண்ட வளைவுகளிலும் பின்பக்கம் பிடிப்பை இழந்து விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, பின்னால் ஒரு சிறிய ஸ்பாய்லர் வைத்தது, சஸ்பென்ஷனை மாற்றியது, மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. அதன் வேலை காரைத் தரையோடு அழுத்துவதல்ல, பின்பக்கம் தூக்கிக்கொள்ளாமல் தடுப்பது மட்டும்தான். 1972-இல் போர்ஷே தன் கரேரா ஆர்எஸ் 2.7 காரின் பின்னால் வைத்த 'வாத்து வால்' ஸ்பாய்லரும் இதே காரணத்துக்காக வந்ததுதான்.

லிஃப்ட் முன்பக்கத்தில் கட்டுமீறினால் என்ன ஆகும் என்பதை 1999-இன் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் காட்டியது. மெர்சிடீஸ் சிஎல்ஆர் கார்கள் அந்த வார இறுதியில் மூன்று முறை ஆகாயத்தில் புரண்டன. இரண்டு முறை மார்க் வெபர், பந்தயத்தின்போது பீட்டர் டம்ப்ரெக். முன்னும் பின்னும் சக்கரங்களைத் தாண்டி நீண்ட உடல், சாலையில் ஒரு மேடு, முன்னால் போகும் காரால் கலைந்த காற்று. இவை ஒன்றுசேர்ந்து மூக்கு கொஞ்சம் நிமிர்ந்ததும் காரின் அடிப்பகுதி முழுவதும் காற்றை வாங்கும் பாய்மரம் ஆகிவிட்டது.  ஓட்டியவர்கள் உயிர் பிழைத்ததை இன்றும் நினைத்து ஆறுதல்படுகிறேன்.

கணக்கு போட்டால் தெரியும்

டவுன்ஃபோர்ஸ் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 200-இல் 400 கிலோ என்றால் 100-இல் 100 கிலோதான், 50-இல் வெறும் 25. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வளைவில் எவ்வளவு உதவும் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்கலாம்.

1,400 கிலோ கார், டயரின் பிடிப்புக் கெழு (தன் மேல் உள்ள சுமையைப் போல எத்தனை மடங்கு பிடிப்பை டயர் தரும் என்ற எண்) 1.1 என்று வைத்துக்கொள்வோம். லிஃப்டும் இல்லை, டவுன்ஃபோர்ஸும் இல்லை. 30 மீட்டர் ஆரம் கொண்ட குறுகிய வளைவில் அது மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் போகும். 100 மீட்டர் ஆரத்தில் 118. 300 மீட்டர் ஆரம் கொண்ட அகன்ற வளைவில் 205. இப்போது 200 கி.மீ. வேகத்தில் சுமார் 190 கிலோ அழுத்தம் தரும் ஒரு ஏற்பாட்டை அதே காரில் சேர்ப்போம். குறுகிய வளைவில் கிடைப்பது அரை கி.மீ.கூட இல்லை. 100 மீட்டர் வளைவில் 118 என்பது 121 ஆகிறது. அகன்ற வளைவில் மட்டும் 205 என்பது 221 ஆகிறது. டயர் சுமை கூடக்கூடப் பிடிப்புக் கெழு கொஞ்சம் இறங்கும் என்பதால் நிஜத்தில் இந்த லாபம் இன்னும் சற்றுக் குறையும்.

ஆகவே முதல் கேள்வி உங்கள் காரைப் பற்றியதே அல்ல. நீங்கள் ஓட்டும் டிராக்கில் 150 கி.மீ.க்கு மேல் எடுக்கும் வளைவுகள் எத்தனை? ஒன்றோ இரண்டோதான் என்றால், விங்குக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள், ஒவ்வொரு வளைவிலும் பலன் தெரியும். வேகமான, நீண்ட வளைவுகள் ஐந்தாறு இருந்தால் காற்று விஷயத்தில் இறங்கலாம்.

இனி கொடுக்கும் விலை. காற்றுத்தடைக்கு எதிராகச் செலவாகும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. காரின் காற்றுத்தடைப் பரப்பில் (தடைக் கெழுவை முகப்புப் பரப்பால் பெருக்கியது) 0.1 சதுர மீட்டர் கூடுகிறது என்றால், 100 கி.மீ. வேகத்தில் அதற்குப் போவது 1.3 கிலோவாட், நீங்கள் உணரவே மாட்டீர்கள். 250 கி.மீ. வேகத்தில் 20 கிலோவாட்டுக்கு மேல், அதாவது சுமார் 28 குதிரைத்திறன். 500 குதிரைத்திறன் காரில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். 200 குதிரைத்திறன் காரில் பெரிய விங் வைத்தவர், நேர்ப்பாதையில் எல்லோருக்கும் வழிவிட வேண்டியிருக்கும்.

சிறிய உதடும் சிறிய வாலும்

முன் பம்பரின் அடியில் ஒரு சிறிய உதடு, பின் டிக்கி விளிம்பில் ஒரு ஸ்பாய்லர். இந்த ஜோடியைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். உதடு, காரின் அடியில் புகும் காற்றைக் குறைக்கிறது. வால், சரிவில் ஒட்டி இறங்கும் காற்றை முன்கூட்டியே பிரித்து, தனக்கு முன்னால் உள்ள பரப்பில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. சரியாக வடிவமைத்தால் காற்றுத்தடை கூடாது, சில கார்களில் குறையவும் செய்யும். வாத்து வால் வைத்த 1972 போர்ஷேயின் உச்ச வேகம் அதனால் குறையவில்லை, சற்றுக் கூடியது.

இது தரும் எண்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் 180 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் லேசாகி மிதக்கும் உணர்வு போய், கார் 100-இல் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொள்ளும். எனக்கு அதுதான் பெரிய விஷயம். ஜிடி3-இன் டூரிங் வகையை வாங்குபவர்கள் தேர்ந்தெடுப்பதும் ஏறக்குறைய இதைத்தான். நிலையான விங் இல்லை, வேகத்தில் தானாக எழும் ஸ்பாய்லர் மட்டும். அதே 510 குதிரைத்திறன் இன்ஜின். சாலையில் அதிகம், டிராக்கில் எப்போதாவது என்று ஓட்டுபவருக்கு அந்த மூன்று வகைகளில் நான் கைகாட்டுவது அதைத்தான்.

பெரிய விங்கும் ஸ்ப்ளிட்டரும்

ஸ்பாய்லரும் விங்கும் ஒன்றல்ல. ஸ்பாய்லர் உடலோடு ஒட்டியிருக்கும். விங்கின் மேலும் கீழும் காற்று ஓடும், வேலையில் பெரும்பங்கைச் செய்வது அதன் அடிப்பரப்பில் உருவாகும் உறிஞ்சல். அதனால்தான் ஆர்எஸ்ஸிலும் பந்தயக் கார்களிலும் விங்கைக் கீழிருந்து தாங்காமல், அன்னத்தின் கழுத்துபோல மேலிருந்து வளைந்துவரும் தாங்கிகளில் தொங்கவிடுகிறார்கள். அடிப்பரப்பு தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பதே காரணம். ஆர்எஸ்ஸின் விங், கூரையையும் தாண்டி உயரமாக நிற்பதும் கலையாத காற்றைப் பிடிக்கத்தான். டிக்கிக்கு ஒரு சாண் மேலே பொருத்திய விங், கூரையிலிருந்து இறங்கும் கலங்கிய காற்றில்தான் நிற்கும். தோற்றம் கிடைக்கும், டவுன்ஃபோர்ஸ் சொற்பமாகத்தான் கிடைக்கும்.

விங் மட்டும் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. விங் பின் அச்சுக்கு மேல் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர், விங் பின் அச்சிலிருந்து 0.8 மீட்டர் பின்னால் என்று கொள்வோம். விங்கில் 100 கிலோ அழுத்தம் விழுந்தால் பின் அச்சில் 132 கிலோ ஏறும், முன் அச்சில் 32 கிலோ குறையும். நெம்புகோல்தான், வேறொன்றுமில்லை. உயரத்தில் இருக்கும் விங்கின் காற்றுத்தடையும் காரைப் பின்னோக்கிச் சாய்த்து முன்பக்கத்தை இன்னும் லேசாக்கும். விளைவு, வேகமான வளைவில் ஸ்டியரிங் திருப்பினாலும் மூக்கு உள்ளே வராது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. முன்னால் பெரிய ஸ்ப்ளிட்டர் (முன் பம்பரின் அடியிலிருந்து முன்னோக்கி நீளும் தட்டையான பலகை) மட்டும் வைத்து, பின்பக்கத்தை அப்படியே விட்ட கார் மிதவேக வளைவுகளில் கூர்மையாகத் திரும்பும், ஓட்டுபவருக்கு நம்பிக்கை வரும். 180-இல் ஒரு வளைவுக்குள் பிரேக்கோடு நுழையும்போது, பிரேக்கால் மூக்கு தாழ்ந்து ஸ்ப்ளிட்டர் தரையை நெருங்குகிறது, முன்பக்க அழுத்தம் இன்னும் கூடுகிறது, பின்பக்கம் வீசிக்கொண்டு போகிறது. ஸ்ப்ளிட்டரை இந்த மாதமும் விங்கை அடுத்த மாதமும் பொருத்தலாம் என்று நினைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: அந்த ஒரு மாதம் டிராக் பக்கம் போகாதீர்கள். வரிசை கட்டாயம் மாற வேண்டும் என்றால் பின்பக்கம் முதலில். மூக்கு வராத கார் வேகத்தைக் குறைக்கச் சொல்லும், வால் போன கார் எச்சரிக்கைகூடத் தராது.

எவ்வளவு அழுத்தம் என்பதைவிட முன்னும் பின்னும் எப்படிப் பிரிகிறது என்பதே முக்கியம். நிற்கும்போது முன் அச்சில் 40 சதவீத எடை இருக்கிறது என்றால், காற்றின் அழுத்தமும் ஏறக்குறைய அதே பங்கில், அல்லது சற்றுப் பின்பக்கம் தள்ளி விழ வேண்டும். அப்போதுதான் வேகம் கூடினாலும் காரின் குணம் மாறாது.

இன்னொரு மறைந்த செலவு ஸ்பிரிங். வேகத்தில் 400 கிலோ அழுத்தம் என்றால் ஒரு சக்கரத்துக்கு 100 கிலோ. சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன் என்ற சாதாரண ஸ்பிரிங்கில் கார் 20 மி.மீ. தாழும். கீழே உரசாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், இறுக்கினால் மோசமான சாலையில் முதுகு பேசும். ஆர்எஸ்ஸில் போர்ஷே கொடுத்த விலையையும் பாருங்கள். மூக்கின் நடுவே சாய்த்து வைத்த ஒரே பெரிய ரேடியேட்டருக்காக முன்பக்கச் சாமான் அறையையே விட்டுக்கொடுத்துவிட்டார்கள். சஸ்பென்ஷன் கைகளைக்கூட நீர்த்துளி வடிவில் செய்து, உச்ச வேகத்தில் சுமார் 40 கிலோ கூடுதலாகத் தேடியிருக்கிறார்கள். ஒரு பொருளை வாங்கி மாட்டி இந்த அளவுக்கு வர முடியாது.

அடிப்பகுதி

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. வெளியே தெரியாது, அதனால் ஆசைப்படுபவர்களும் குறைவு.

கார் அடியில் உள்ள இடைவெளி ஒரு குழாய்போல. முன்னால் காற்று உள்ளே புகுந்து குறுகலில் வேகமெடுக்கிறது, அழுத்தம் விழுகிறது, பின்னால் மேல்நோக்கிச் சரிந்த பகுதியான டிஃப்யூசர் மெதுவாக அகன்று அந்தக் காற்றைப் பழைய அழுத்தத்துக்குத் திரும்பக் கொண்டுவருகிறது. உறிஞ்சும் பரப்பு காரின் முழு அடியளவு. அதனால் ஒரு கிலோ டவுன்ஃபோர்ஸுக்குக் கொடுக்கும் காற்றுத்தடை விங்கைவிட மிகக் குறைவு. காலின் சாப்மனின் லோட்டஸ் 78, 79 கார்கள் இதைப் பந்தயத்தில் நிரூபித்தன, 1978-இல் மரியோ ஆண்ட்ரெட்டி ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை வென்றார். அந்தக் கார்களின் பக்கவாட்டுத் தடுப்புகள் தரையைத் தொட்டு, வெளிக்காற்று உள்ளே புகாமல் அடைத்தன. சாலைக் காரில் அப்படி அடைக்க முடியாது, அதனால் பலனும் அந்த அளவுக்கு வராது.

கடைகளில் விற்கும் டிஃப்யூசர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செங்குத்தான தகடுகளோடு பின் பம்பருக்கு அடியில் திருகி மாட்டும் பல பொருட்கள் வெறும் அலங்காரம். அடிப்பகுதி முழுவதும் குழாய்களும் பள்ளங்களுமாக இருந்தால், டிஃப்யூசர் வரை வந்து சேரும் காற்று ஏற்கெனவே கலங்கிப்போயிருக்கும். கோணம் 15 டிகிரியைத் தாண்டினால் காற்று பெரும்பாலும் ஒட்டாமல் பிரிந்துவிடும். முதலில் அடிப்பகுதியைத் தட்டையான பலகைகளால் மூடுங்கள், அப்புறம் 7 முதல் 12 டிகிரி வரையிலான அளவான டிஃப்யூசர். மூடும்போது கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட் வெப்பம் வெளியேற வழி விடுவதை மறக்கக் கூடாது.

குறை என்ன? அடிப்பகுதி தரையின் உயரத்துக்கு மிகவும் கூச்சப்படும். சில மில்லிமீட்டர் மாறினாலும் அழுத்தம் மாறும். மேடுபள்ளமான டிராக்கில் அது ஒரே சீராக இருக்காது.

இதே உறிஞ்சலை விசிறியால் உருவாக்கவும் முயன்றிருக்கிறார்கள். 1970-இல் ஜிம் ஹாலின் சப்பரல் 2ஜே பந்தயக் கார், 1978-இல் ஸ்வீடன் ஃபார்முலா 1 பந்தயத்தில் நிகி லவுடா ஜெயித்த பிராபம் பிடி46பி. விசிறி சுழன்றால் குறைந்த வேகத்திலும் அழுத்தம் உண்டு, இருமடிக் கணக்கிலிருந்தே விடுதலை. இரண்டுமே பந்தயத்தில் நீடிக்க விடப்படவில்லை. பிராபமை வடிவமைத்த கார்டன் மர்ரே, பல ஆண்டுகள் கழித்துத் தன் டி.50 சாலைக் காரின் பின்னால் 400 மி.மீ. விசிறி வைத்தார். அது அடிக்காற்றை டிஃப்யூசரில் ஒட்டவைக்கும் வேலையைச் செய்கிறது. நம்மில் யாரும் அதைக் கடையில் வாங்கி மாட்டப்போவதில்லை என்பதால் இங்கேயே விட்டுவிடலாம்.

அசையும் பாகங்கள்

வளைவில் அழுத்தம், நேர்ப்பாதையில் குறைந்த காற்றுத்தடை. இரண்டும் வேண்டும் என்றால் பாகங்கள் அசைய வேண்டும். புகாட்டி வேரான் 407 கி.மீ. போக, தனிச் சாவி போட்டு விங்கைத் தாழ்த்த வேண்டும். சாதாரண நிலையில் எல்லை 375. லம்போர்கினி ஹுராகான் பெர்ஃபார்மன்டே இன்னொரு வழி கண்டது. விங் நகராது. அதன் உள்ளிருக்கும் குழாய் வழியாகக் காற்றை விட்டு, அடிப்பரப்பின் ஓட்டத்தைக் கலைத்து அழுத்தத்தைக் குறைக்கிறது. இடது, வலது பாதிகளைத் தனித்தனியாகவும் இயக்கும்.

சாலையில் ஓட்டுபவருக்கு இதைவிடப் பயனுள்ளது 2013-இல் 991 தலைமுறை 911 டர்போவில் வந்தது. முன் உதடு ரப்பர் போன்ற பொருளால் ஆனது, காற்றடைத்து மூன்று நிலைகளில் இறங்கும். வீட்டு வாசல் சரிவில் உரசாது, வேகத்தில் வேலை செய்யும். முன்னும் பின்னும் சேர்ந்தே நகர்வதால் சமநிலையும் கெடாது.

புதுக் கார் வாங்குபவர் என்றால் நான் தயங்காமல் அசையும் ஏற்பாடு உள்ளதைப் பரிந்துரைப்பேன். பழைய காரில் பின்னர் பொருத்துவதை அதே அளவு உறுதியாக வேண்டாம் என்பேன். வேகமான வளைவின் நடுவில் ஒரு மோட்டார் நின்றுபோய் பின் விங் மட்டும் படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தயாரிப்பு நிறுவனம் ஆயிரம் முறை சோதித்திருக்கும். நாம் சோதிக்க முடியாது.

வாங்கிய பிறகு

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது கடினமில்லை. பின் கண்ணாடி, டிக்கி, விங்கின் அடிப்பரப்பு ஆகியவற்றில் விரல் நீள நூல் துண்டுகளை டேப்பால் ஒட்டுங்கள். மூடிய டிராக்கில் இன்னொரு கார் பக்கத்தில் வந்து படம் எடுக்கட்டும். நூல்கள் ஒரே திசையில் படுத்திருந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. துடித்துச் சுழன்றால் பிரிந்துவிட்டது, விங்கின் கோணத்தை ஒவ்வொரு டிகிரியாகக் குறைத்துத் திரும்பப் பாருங்கள்.

அடுத்து ஒரு மெதுவான வளைவையும் ஒரு வேகமான வளைவையும் ஒப்பிட்டுக் கவனியுங்கள். 80-இல் எடுக்கும் வளைவில் கார் நடுநிலையாக இருந்து, 180-இல் எடுக்கும் வளைவில் மூக்கு வராமல் போனால் பின்பக்க அழுத்தம் அதிகம், விங்கைச் சற்றுப் படுக்க வையுங்கள். 180-இல் வால் லேசாகத் தோன்றினால் அன்றைய ஓட்டத்தை அத்தோடு நிறுத்திவிட்டு, ஸ்ப்ளிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.